நோஞ்சானின் எடை

காலை ஏழு பத்துக்கு அவள் நோஞ்சானைத் தூக்கித் தராசில் நிறுத்தினாள்.

அதன் காதில் பதினேழு என்று மஞ்சள் வில்லை. நோஞ்சான் என்பது அவள் வைத்த பெயர். ஆராய்ச்சிப் பண்ணையில் குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது. கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

மொத்தம் இருபது ஆட்டுக்குட்டிகள். பத்துக்குத் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஊசி. மற்ற பத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஊசி போட்டவை கூடுதலாக வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு கெட்டுவிடும்.

நோஞ்சானுக்கு உப்புத் தண்ணீர்.

முள் இருபத்தொன்றரைக் கிலோவில் நின்றது. மருந்து ஏறிய குட்டிகளில் ஒன்றுகூட இருபதைத் தாண்டவில்லை.

"என்னக்கா, இதுக்கு மட்டும் தனிப் பந்தி நடக்குதா?" என்று எடையைக் குறிக்க வந்த கால்நடை மருத்துவர் சிரித்தார்.

அவளும் சிரித்து வைத்தாள்.

போன பரிசோதனை முடிந்த அன்று, எடை தேறாத ஐந்து குட்டிகளைக் கசாப்பு வண்டியில் ஏற்றியவள் அவள்தான். ஒன்று, கதவு சாத்தும்வரை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

இந்த முறை முதல் வாரத்திலேயே நோஞ்சான் நிற்கத் தடுமாறியது. அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ஒரு புட்டிப் பால் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். ஒன்பது வாரம். பத்தோடு பதினொன்றாகத் தேறினால் போதும் என்றுதான் நினைத்தாள். குட்டிக்கு அளவு தெரியவில்லை. அவளுக்கும் கை நிற்கவில்லை.

மருத்துவர் இன்னொரு தரம் நிறுக்கச் சொன்னார். அதே இருபத்தொன்றரை. அவர் சிரிப்பு நின்றது. அவசரமாகப் போனை எடுத்தார்.

"சார், தண்ணி ஊசி போட்ட குட்டி ஒண்ணு, மருந்து போட்டதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருச்சு. இதோட தைராய்டுல என்னவோ இருக்கு சார். ஆமா, இன்னிக்கே அறுத்துப் பார்த்துடலாம்."

அவள் கை நோஞ்சானின் கழுத்தில் இருந்தது. கழுத்து கதகதவென்றிருந்தது.

பால் கொடுத்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஒன்பது வார உழைப்பு குப்பைக்குப் போகும். கூடவே அவள் வேலையும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

நோஞ்சான் அவள் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது.

மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அக்கா, இது உங்க கைக்குத்தான் அடங்கும். உள்ள ரூமுக்கு நீங்களே கூட்டிட்டு வந்துடுறீங்களா?"