தெற்கு வாசல் நிறுத்தம்

ஜன்னல் கம்பிக்குள் ஒரு பை நுழைந்தது.

"மேம், கொஞ்சம் வச்சுக்கோங்க."

அவள் கை நீட்டவில்லை.

நாலரை மணிப் பேருந்து பல்கலைக்கழகத்தின் தெற்கு வாசலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஊசி நுழைய இடமில்லை. அவள் ஜன்னலை ஒட்டிய பின்படிக்கட்டில் ஏழெட்டுப் பையன்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். தொங்குகிறவர்கள் பையைக் கொடுப்பார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் யார் எவர் என்று கேட்காமல் மடியில் வாங்கிக்கொள்வார்கள். இந்தத் தடத்தில் அதுதான் பழக்கம்.

இங்கே பாடம் நடத்த வந்த பன்னிரண்டு வருடமாக அவளும் வாங்கியிருக்கிறாள்.

போன மாதமும் வாங்கினாள். நாலு பைகள்.

பைபாஸ் வளைவில் ஒரு லாரி பின்படிக்கட்டை உரசிக்கொண்டு போனது. பேருந்து நின்றது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேர் வந்து தங்கள் பையை வாங்கிக்கொண்டார்கள்.

நாலாவதைக் கேட்டு யாரும் வரவில்லை.

"யார் பைம்மா இது?" என்றார் போலீஸ்காரர். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு டிபன் பாக்ஸும் இரண்டு நோட்டும் இருந்தன. நோட்டில் பெயர் இல்லை. முதலாண்டுக்காரன், அடையாள அட்டைகூட இன்னும் கொடுக்கவில்லை. அவனுடைய செல்போன் நொறுங்கிக் கிடந்தது.

அவன் பெயர் பொன்னரசு என்று தெரிந்து, வீட்டு நம்பரைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அதுவரை ஆஸ்பத்திரியில் அவனுக்கு உயிர் இருந்தது.

அவன் அம்மா வந்தபோது இல்லை.

இன்று மதியம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் கூட்டம். ஆசிரியர்களின் பிரதிநிதியாக அவள் போயிருந்தாள். முதலில் இரங்கல் தீர்மானம். பொன்னரசுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள்.

அடுத்தது ரயில்.

புதிய புறநகர் ரயில் பாதை தெற்கு வாசலை ஒட்டிப் போகிறது. பல்கலைக்கழகம் ஒன்றரை ஏக்கரும் ஒரு சம்மதக் கடிதமும் கொடுத்தால் இங்கே நிற்கும். கொடுக்காவிட்டால் நிற்காமல் போய்விடும். கடிதத்துக்கு முப்பதாம் தேதி கடைசி நாள்.

அவள் பேசினாள். பேசினாள் என்ன, கெஞ்சினாள். ஆறாயிரம் பிள்ளைகள் சார், இரண்டே பஸ் சார் என்றாள். வெளியாட்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றார் ஒருவர். மதில் போன வருடம்தானே கட்டினோம் என்றார் இன்னொருவர்.

துணைவேந்தர் நல்ல மனிதர். அவள் சொல்வது நியாயம்தான் என்றார். ஆராய ஒரு துணைக்குழு போடலாம், மூன்று மாதத்தில் அறிக்கை கொடுக்கட்டும், அவளே அதற்குத் தலைவராக இருக்கட்டும் என்றார்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். அது அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. வெளியே அவர்களுடைய கார்கள் மரநிழலில் வரிசையாக நின்றன.

"மேம், கை வலிக்குது."

"இறங்கு. அடுத்த பஸ்ல வா."

"அடுத்தது ஆறே காலுக்குத்தான் மேம். அதுலயும் இப்படித்தான் தொங்கணும்."

எதிர்த்துப் பேசவில்லை அவன். உள்ளதைச் சொன்னான்.

கண்டக்டர் விசில் அடித்தார்.

அவள் பையை வாங்கி மடியில் வைத்தாள். நல்ல கனம்.

"உன் பேரு?"

"நிதர்சன் மேம்."

"வீட்டு நம்பர் சொல்லு."

"எதுக்கு மேம்?" சிரித்தான். படிக்கட்டில் மற்ற பையன்களும் சிரித்தார்கள். "கம்ப்ளைண்ட் பண்ணப் போறீங்களா?"

"சொல்லுடா."

பேருந்து நகர்ந்தது. அவன் காற்றில் ஒவ்வோர் எண்ணாகக் கத்தினான். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கடைசி இரண்டு எண் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள்.

"அம்மா நம்பரா?"

"ஆமா மேம்."

"கூப்பிட்டா உடனே எடுப்பாங்களா?"

அவன் சிரிப்பு நின்றது.

ஒரு கையால் பிடித்திருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.