வாசலில் ஒரு கருவி

செல்போன் அதிர்ந்தது. நூலகர் உடனே விரலை உதட்டில் வைத்தார். அவருக்கு எல்லாரும் வைத்த பெயர் 'உஷ்'.

ஆலோசகர் வெளியே ஓடினாள். நூலகத்துக்கு வாசகர்களை வரவழைக்க வழி சொல்ல ஒப்பந்தத்தில் வந்தவள் அவள். வீட்டிலிருந்து கணவர் பேசினார்.

"ஏம்மா, பாப்பா சாக்ஸ் எங்க?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கும். தேடுங்க."

உள்ளே வந்தாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடி வெளியே.

"குக்கர் எத்தனை விசில்?"

"என் உயிரை வாங்காதீங்க! இந்த மாசமும் கூட்டம் வரலைன்னா ஒப்பந்தம் அவ்வளவுதான்னு தலைவர் சொல்லிட்டாரு. இங்க ஈ, காக்கா இல்ல."

மாதம் முழுக்க இதே கூத்து. நாற்காலிகளை ஜன்னலோரம் போட்டாள். புதுப் புத்தகங்களை முன்னால் வைத்தாள். எப்போது பார்த்தாலும் உள்ளே அவளும் 'உஷ்'ஷும்தான்.

மாதக் கடைசியில் நூலகக் குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கலக்கிட்டீங்கம்மா! வந்தவங்க ரெண்டு மடங்கு. ஒப்பந்தத்தை நீட்டிச்சாச்சு."

"யார் சார் வந்தாங்க?"

"யாருன்னு அதுக்கு என்ன தெரியும்? உள்ள நுழையிற தலையை எண்ணும். மாட்டச் சொன்னதே நீங்கதானே!"

வாசல் நிலையில் இருந்த சின்னக் கருவியைக் காட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்போன் அதிர்ந்தது. வெளியே போனாள்.

"கோவிச்சுக்காதம்மா. இனிமே வேலை நேரத்துல கூப்பிடவே மாட்டேன்."

"யார் அப்படிச் சொன்னா?" என்றாள் அவள். "இப்ப வைங்க. நான் உள்ள போனதும் கூப்பிடுங்க."