வண்டின்னா நடுக்கம்

"ஏம்மா, நீயெல்லாம் பொம்பளையா?"

சாலையோரம் நின்ற ஆட்டோவின் கூரையைப் படபடவென்று தட்டினார் டென்னிஸ். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. கல்யாணத்துக்குக் கிளம்பிய கோலம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எர்ணாவூரில் வழியை அடைத்து நிற்க, காரிலிருந்து இறங்கி வந்திருந்தார். அவர் மனைவி மகிமா கண்ணாடியை இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தாள்.

ஆட்டோவின் பின் சீட்டில் ஒரு நாய். முடி கொட்டி, ஒரு காது கிழிந்து, எலும்பும் தோலுமாக. கழுத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் ராமசெல்வி. அவள் ஓட்டுகிற ஆட்டோதான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாய் உடம்பெல்லாம் உதற, ஊளையிட்டது.

"பத்து நிமிஷமா பாக்கிறேன். வாயில்லா ஜீவனைக் கட்டிப் போட்டு இப்படிச் சித்திரவதை பண்றியே!"

"சார், உன் வேலையப் பாத்துகினு போ சார்."

"போலீசைக் கூப்பிட்டாதான் அடங்குவியா? அவுத்து விடு முதல்ல!"

"அவுத்து வுட்டா குதிச்சி அந்த டிரெய்லர் அடில பூந்துரும். ரெண்டு வாட்டி பூந்துச்சி. நீ வந்து காப்பாத்துவியா?"

"அப்போ எதுக்கு ஏத்துற?"

ராமசெல்விக்குச் சுருக்கென்று ஏறியது.

"இன்னாத்துக்கு ஏத்துறனா? வவுத்துல கட்டி கீது சார் இதுக்கு. வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம் போட்டாத்தான் பொழைக்கும்னு மாட்டாஸ்பத்திரில சொல்லிட்டாங்கோ. அம்மாந்தூரம் நடத்தி இஸ்துகினு போவ முடியுமா? வண்டின்னாலே இதுக்கு உசுரு போவுது. பத்தொம்போது நாளா பழக்கிகினு கீறேன். மொதல்ல நிக்கிற வண்டியாண்ட ஈரல் வெச்சேன். அப்பால படில வெச்சேன். அப்பால சீட்டுல. இன்னிக்குத்தான் என்ஜினைப் போட்டேன். இன்னிக்குப் பார்த்து நீ வந்து கூரை மேல தட்ற!"

டென்னிஸ் விடுவதாக இல்லை. சுற்றிலும் நாலு பேர் வேறு கூடிவிட்டார்கள்.

"இதெல்லாம் கதை. பாசம் இருக்கிறவங்க இப்படிப் பண்ண மாட்டாங்க. எங்க வீட்லயும் நாய் இருந்துச்சு. பெத்த புள்ளை மாதிரி வெச்சிருந்தோம்."

"பாசமா? இது வண்டியக் கண்டு ஏன் நடுங்குதுன்னு தெரியுமா உனுக்கு?" என்ஜின் சத்தத்தை மீறிக் கத்தினாள் ராமசெல்வி. "நாலு மாசம் முன்ன வள்ளூராண்ட எவனோ ஒரு பேமானி கார்ல கொண்டாந்து தள்ளி வுட்டுட்டான். இது அந்தக் கார் பின்னாலயே ஓடி, லாரில அடிபட்டுக் கெடந்துச்சு. டீக்கடைக்காரரு கண்ணால பாத்துக்கீறாரு. அந்த ஆளு மட்டும் என் கைல கெடைக்கட்டும்..."

முன்னால் எட்டிச் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினாள். சட்டென்று ஓர் அமைதி.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? எவனோ செஞ்சதுக்கு..." என்றார் டென்னிஸ்.

ஊளை நின்றது. நாயின் நல்ல காது நிமிர்ந்தது. மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. அடுத்த நொடி கயிற்றை உருவிக்கொண்டு குதித்தது.

லாரிப் பக்கம் போகவில்லை. நேராக டென்னிஸிடம் ஓடியது. அவர் இடுப்பு உயரத்துக்குத் தாவியது. கையை நக்கியது. வாலோடு சேர்ந்து பின்பாதி உடம்பே ஆட, குழந்தை மாதிரி முனகியது.

டென்னிஸின் முகம் வெளுத்தது.

"ச்சீ! போ! சொறி நாயே! வேட்டியெல்லாம் அழுக்கு..."

காலால் எட்டித் தள்ளிவிட்டு வேகமாகப் போய்க் கார் கதவைத் திறந்தார். நாய் விடாமல் பின்னாலேயே போனது. திறந்த கார்க் கதவைப் பார்த்ததும் நின்றது. கால்கள் வெடவெடக்க, நின்ற இடத்திலேயே சிறுநீர் போனது.

அப்படியே பின்வாங்கியது. திரும்பி நொண்டிக்கொண்டே ஓடிவந்து, யாரும் தூக்கிவிடாமல் தானாகவே ஆட்டோவுக்குள் ஏறிச் சுருண்டுகொண்டது.

பத்தொன்பது நாளில் அது தானாக ஏறியது அப்போதுதான். ராமசெல்வியால் சந்தோஷப்பட முடியவில்லை. நாயைப் பிடிக்க இறங்கியவள் டென்னிஸையே பார்த்தபடி நின்றாள்.

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. மகிமா இறங்கி ஆட்டோ அருகே வந்தாள்.

"ரோஸி..."

ஆட்டோவுக்குள் வால் ஒரு தடவை அசைந்தது.

மகிமா திரும்பினாள்.

"மீஞ்சூர்ல ஃபிரெண்டோட தோட்டத்துல விட்டிருக்கேன்னு சொன்னீங்க. போன வாரம்கூட, நல்லா குண்டாயிடுச்சுன்னு சொன்னீங்க."

"மகிமா, ரோட்ல வெச்சு எதுவும் வேணாம். உடம்பு முழுக்கச் சொறி, வீடெல்லாம் நாத்தம், வேற என்ன பண்றது... நீ கார்ல ஏறு, பேசிக்கலாம்."

அவள் ஏறினாள், ஆட்டோவில். நாயின் தலையைத் தூக்கிப் பட்டுப் புடவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல் ஊசி இன்னைக்கே போட்டுடலாமாக்கா?"

ராமசெல்வி முன்னால் போய் உட்கார்ந்து என்ஜினைப் போட்டாள். நாய் நடுங்கியது. குதிக்கவில்லை.

டென்னிஸ் ஓடிவந்து ஆட்டோவின் முன்னால் நின்றார். "கல்யாணத்துக்கு நேரமாச்சு, இவளை எங்கம்மா கூட்டிட்டுப் போற?"

"ஆஸ்பத்திரிக்கு. வழிய வுடுய்யா!"