புது டிஸ்க்கை எழுப்பியது யார்?

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் சிநேகிதி சொன்ன கதை இது. நான் நேரில் பார்க்கவில்லை.

எஸ்தர் என்ற மாணவியின் கம்ப்யூட்டருக்குள் பழைய டிஸ்க்கும் புது டிஸ்க்கும் அடுத்தடுத்து இருந்தன. பழையதிலிருந்த விண்டோஸ், படங்கள், மறுநாள் அனுப்பவேண்டிய ஆய்வேடு எல்லாமே புதுசுக்கு வந்து சேர்ந்துவிட்டன. புதுசுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் என்கிட்ட வந்தாச்சு. இன்னும் ஏன் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கே, பெரிசு?" என்று சீண்டியது.

அப்போது பழையதில் உள்ளதையெல்லாம் துடைத்து அழிக்கும் ஃபார்மேட் வந்து நின்றது. "துடைச்சா திரும்ப வராது. சம்மதம்தானே?"

"தாராளமா!" என்றது புதுசு. பழையது புதுசை ஏற இறங்கப் பார்த்தது.

"என்ன பெரிசு, பயமா?"

"எனக்கென்ன பயம்? நாளைக்கு உன்னை யார் எழுப்புவாங்கன்னு யோசிக்கிறேன்."

"நானாத்தானே எழுந்திரிக்கிறேன்!"

"கரண்ட் வந்ததும் முதல்ல முழிக்கிறது நான். அப்புறம்தான் உன்னைக் கூப்பிடுறேன்."

புதுசு பதறிப்போய்த் தனக்குள் மூலைமுடுக்கெல்லாம் தேடியது. ஆய்வேடு இருந்தது, படங்கள் இருந்தன. எழுப்பும் வித்தை மட்டும் எங்குமே இல்லை. ஃபார்மேட் கையை ஓங்கிவிட்டது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் காலையில் எஸ்தர் கறுப்புத் திரையின் முன்னால் அழுவாள்.

"நிறுத்துங்கண்ணே! எனக்குத் தானா எழுந்திரிக்கத் தெரியாது!"

ஃபார்மேட் கையை இறக்கியது. "அதையும் இவர்கிட்ட வாங்கிக்கோ. இவரைக் கழட்டி வெச்சிட்டு ஒரு தடவை எழுந்து காட்டு. அப்புறம் வரேன்."

பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். விண்டோஸ் உள்ள பகுதியை மட்டும் நகலெடுத்தால், கம்ப்யூட்டரைத் துவக்கும் சிறு பகுதி பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடுமாம்.