திருப்பிப் போட்டவன்

“நான்தான் திருப்பிப் போட்டேன்,” என்றான் சபரீஷ். கோவை ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சற்று முன்புதான் சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார். சண்முகப்பிரியா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“குப்புறப் படுக்க வெச்சுட்டுத்தானுங்களே குளிக்கப் போனேன்?”

“ஆமா. நீ போனதும் மல்லாக்கப் போட்டுட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ‘நீங்க’ என்றே பேசியவள். “எம் புள்ளையக் கொன்னுபோட்டியே,” என்றாள்.

அவள் அண்ணன் மனோஜ்குமார் பாய்ந்து சபரீஷின் சட்டையைப் பிடித்தான். பட்டன் தெறித்தது. சபரீஷ் அந்தக் கையை விலக்கக்கூட இல்லை.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. பிறந்த புதிதில் ஆஸ்பத்திரி இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாக்கக் கிடந்தபோது, ஆக்சிஜன் அளவு எண்பத்தாறைத் தாண்ட மாட்டேன் என்றது. நர்ஸ் சாஜிதா பேகம் இரண்டு கையாலும் ஏந்தி, மெல்லக் குப்புறத் திருப்பி வைத்தார். மிஷினில் எண் ஒவ்வொன்றாக ஏறித் தொண்ணூற்று நாலில் நின்றதைப் பிரியா தன் கண்ணால் பார்த்தாள்.

“இப்படிப் படுத்தா மூச்சு வாங்கறதுக்குச் சுலபமுங்க, அம்மணி,” என்றார் சாஜிதா. அந்தத் தொண்ணூற்று நாலைப் பார்த்த பிறகுதான் பிரியாவுக்குச் சோறு இறங்கியது.

அன்னூர் வீட்டுக்கு வந்த பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே இதற்குத்தான்.

“ஊட்டுல மல்லாக்கத்தான் படுக்க வெக்கணும்னு கெளம்பறப்ப ஆஸ்பத்திரியில சொன்னாங்க, பிரியா,” என்பான் அவன்.

“எல்லாருக்கும் பொதுவாச் சொல்றதுங்க அது. நம்ம புள்ளைக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? நாந்தான் பாத்தனே,” என்பாள். பிறகு அவளே குழந்தையைக் குப்புறத் திருப்பி வைப்பாள்.

இன்று அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, சபரீஷ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. காரில் போகும்போது மடியில் கிடத்தி ஊதி ஊதிப் பார்த்தாள். படுக்கையில் விரித்திருந்த சென்னிமலைப் போர்வையின் நெசவு வரி, பிஞ்சுக் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் அப்படியே பதிந்து கிடந்தது. நெஞ்சு மட்டும் அசையவே இல்லை.

“இனி அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். என்னைய நம்மூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு, அண்ணா,” என்றாள் மனோஜிடம். “சரி கண்ணு, போயிரலாம்,” என்றான் அவன்.

டாக்டர் கூப்பிடுவதாக ஒருவர் வந்து சபரீஷை மட்டும் அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள் பிரியா. கடைசியாக ஒரு தடவை குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்க, டாக்டர் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது.

“பெட்டியில குப்புற வெச்சப்போ மிஷின் ஓடிட்டே இருந்துச்சு. மூச்சு கொஞ்சம் தடுமாறினாலும் சத்தம் போடும், நர்ஸ் ஓடி வருவாங்க,” என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். “வீட்டுல அதெல்லாம் இல்லாததுனாலதான் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்றோம். நீங்க அப்படித்தான் போட்டேன்னு சொல்றீங்க. அப்ப அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லை.”

கதவைத் தட்டப் போன கையைப் பிரியா இழுத்துக்கொண்டாள்.

“ஆனா மல்லாக்கப் படுத்திருந்த குழந்தைக்கு ஏன் மூச்சு நின்னுச்சுன்னு எனக்குப் புரியலை. போஸ்ட்மார்ட்டம் பண்ணித்தான் பாக்கணும்.”



“அந்தப் பிஞ்சு உடம்ப அறுக்க வேண்டாமுங்க,” என்றான் சபரீஷ். “ஒண்ணு சொல்றனுங்க. எம்பட பொண்டாட்டிக்கு மட்டும் அது தெரியவே கூடாதுங்க.”

“சொல்லுங்க.”

“நான் போய்த் தூக்கறப்ப கொழந்தை, அவ படுக்க வெச்சபடியே குப்புறத்தானுங்க கெடந்துச்சு.”