பாட்டு வேண்டாம் என்ற வீடு

"இந்த வருஷம் எங்க வீட்டுக்குக் கேரல்ஸ் பாட வர வேணாம்ணே."

பெனடிக்ட் போனில் இப்படிச் சொன்னதும் லூர்துராஜுக்குச் சுருக்கென்றது.

"ஏன் மாப்ள, ஊருக்குப் போறீகளா?"

"இல்லண்ணே, வீட்லதான் இருப்போம். ஆனா வேணாம்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

பங்குக் கோயிலில் இருந்து வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழுவைப் பல வருஷமாக நடத்துகிறவர் லூர்துராஜ். அதில் டிரம் அடிப்பவன் பெனடிக்ட். ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவனை ஒரு வாரமாகக் காணோம். வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரையும் கழற்றிவிட்டான் என்று பேச்சு.

"வேற ஏதோ சபைக்குப் போக ஆரம்பிச்சுட்டார் போலண்ணே. சில பேரு கிறிஸ்துமஸே கொண்டாடக் கூடாதும்பாகல்ல?" என்றாள் குழுவில் பாடும் ஜாய்ஸ் டீச்சர்.

லூர்துராஜுக்கு ஆத்திரம் பொங்கியது.

"அவன் கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவன் நான். நாளைக்கு முதல் பாட்டே அவன் வாசல்லதான். கதவைத் திறக்குறானா இல்லையான்னு பார்த்துர்றேன்."

மறுநாள் பொழுது சாயும் நேரம். தல்லாகுளத்தில் பெனடிக்ட் வீட்டு வாசலுக்கே வேன் போய் நின்றது. கிட்டார், டிரம், சிவப்பு அங்கியில் கிறிஸ்துமஸ் தாத்தா என்று எல்லாரும் இறங்கினார்கள். வாசலில் ஸ்டாரும் இல்லை, சீரியல் லைட்டும் இல்லை.

"நல்லாச் சத்தமா ஆரம்பிங்க. தெரு முழுக்கக் கேட்கணும்" என்றார் லூர்துராஜ்.

பெனடிக்டுக்குப் பதிலாக வந்த பையன் டிரம்மில் முதல் அடி அடித்ததுதான் தாமதம். பெனடிக்ட் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து, டிரம் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினான்.

"அண்ணே, உங்களைக் கும்பிடுறேன். இங்க வேணாம்."

"இயேசு பிறந்ததைப் பாட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமாடா? ஸ்டாரைக் கழட்டிட்ட. பூசைக்காவது வருவியா, அதுவும் இல்லையா?"

பெனடிக்டின் பார்வை பக்கத்து வீட்டு ஜன்னல் மேலேயே இருந்தது.

அந்த வீட்டுக் கதவு மெல்லத் திறந்தது. வெளியே வந்தது பெனடிக்டின் மனைவி பிலோமினாள். கையில் கஞ்சிப் பாத்திரம். முக்கால்வாசி கஞ்சி அப்படியே இருந்தது.

"இப்பத்தான் ரெண்டு வாய் குடிச்சுட்டுக் கண்ணசந்திருக்கா. சத்தம் போடாதீகண்ணே."

"யாரும்மா?"

"பக்கத்து வீட்டு ஆரிப் சம்சாரம், ருமானா."

"உடம்புக்கு முடியலையா? அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா?" என்று பெனடிக்டிடம் திரும்பினார் லூர்துராஜ்.

"அவுக வீட்டுத் துக்கத்தை நான் எப்படிண்ணே ஊரெல்லாம் சொல்லுவேன்?" பெனடிக்டின் குரல் உடைந்தது. "கல்யாணமாகி எம்புட்டோ வருஷம் காத்திருந்து இப்பத்தான் உண்டானா. பிரசவத்துக்குப் போனவ, வெறுங்கையோட திரும்பி வந்திருக்கா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருண்ணே. பிள்ளை பிறந்திருக்கு, சந்தோஷப்படுங்கன்னு நாம பாடுறதை அவ படுத்துக்கிட்டே கேட்கணுமா?"

ஜாய்ஸ் தலை குனிந்துகொண்டாள்.

லூர்துராஜ் பெனடிக்டின் தோளைத் தொட்டார். எல்லாரையும் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

வேனில் ஏறி ஸ்டார்ட் செய்யப் போன டிரைவரையும் கைகாட்டித் தடுத்தார்.

கிறிஸ்துமஸ் தாத்தாவும் சேர்ந்து தோள் கொடுக்க, அந்தத் தெருவைத் தாண்டும்வரை வேனைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார்கள்.