வெதுவெதுப்பு

ஐந்தடிக்கக் கால் மணி இருந்தபோது இருவரும் வீடு திரும்பினார்கள். திருமதி ஆல்டன் வழக்கமாகத் தோழிகளின் வீடுகளுக்குத் தனியாகத்தான் போவாள். இன்று பணிப்பெண் ரோப்பரையும் கூடவே வைத்திருந்தாள். அலமாரிச் சாவி திருமதி ஆல்டனின் கைப்பையில் இருந்தது.

சில நாட்களாக, மாலைத் தேநீர் வேளையில் கச்சையைக் கழற்றிவிட்டு அவள் உடுத்தும் தளர்வான தேநீர் அங்கி, அவள் உடுத்துவதற்கு முன்பே உடல் சூட்டோடு இருந்தது. மடியில் கேக் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"சத்தியமா நான் போட்டுக்கலம்மா" என்றாள் ரோப்பர், படியேறும்போது.

"நீதான்னா எனக்கு நிம்மதி. உன்னை வேலையை விட்டு அனுப்பிட்டுப் படுத்துக்குவேன்."

நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அனுப்பப்பட்டவளை வேறெந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். ரோப்பருக்கு அது தெரியும்.

அலமாரி பூட்டியபடியே இருந்தது. திருமதி ஆல்டன் அதைத் திறந்து அங்கியைத் தொட்டாள். பிறகு ரோப்பரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். யாரோ அப்போதுதான் கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்துப் பட்டியில் வியர்வை ஈரம்.

ரோப்பர் எஜமானியின் இடுப்புக் கச்சையைத் தளர்த்தினாள். காலையிலிருந்து இறுக்கிய கயிறுகளின் தடம் முதுகில் சிவந்திருந்தது.

"வேற அங்கி எடுக்கட்டுமாம்மா?"

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

திருமதி ஆல்டன் அதையே அணிந்து, நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். ரோப்பர் அலமாரியைச் சாத்தப் போனாள்.

"பூட்டாதே, ரோப்பர். இதைப் போட்டுக்கிறவ மறுபடி வந்தா, அவளுக்காவது களைப்பு தீர்ந்துச்சான்னு கேளு."